மாநகராட்சியில் சேரப்போகும் ஊராட்சிகளுக்கு, தில்லியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள ஊராட்சி மக்களுக்கு,



2025-ஆம் ஆண்டு பிறந்த கையோடு தமிழக அரசின் ஆணைகள் வெளியாயின. 16 மாநகராட்சிகளும் 41 நகராட்சிகளும் எல்லை விரிக்கப்போகின்றன என்றும், இன்னின்ன ஊராட்சிகள் அவற்றோடு சேரும் என்றும் அவற்றில் இருந்தது. உங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். இல்லையென்றால் அடுத்த பட்டியலில் வரக்கூடும். அந்த மாதம் முழுக்க ஆட்சியர் அலுவலக வாசல்களில் நீங்கள் மனுவோடு நின்றீர்கள். ஜனவரி 26 கிராம சபையில் பல ஊர்கள் எங்களைச் சேர்க்காதீர்கள் என்று தீர்மானம் போட்டன. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும், தண்ணீருக்கும் குப்பைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்று பெண்கள் தொலைக்காட்சியில் பேசியதைப் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஊரக வேலைத் திட்டம் என்ன பெயரில் வந்தாலும் ஊரகப் பகுதிக்கு மட்டும்தான். ஊர் நகரமான மறுநாள் அந்த அட்டைக்கு வேலை கிடையாது.

நான் ஊராட்சியில் பிறந்து, பிழைப்புக்காகத் தில்லி வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். நகரம் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் அந்தக் கிராமத்துக்கு என்ன ஆகும் என்பதை நூறாண்டுக்கு மேல் பார்த்த ஊர் இது. அந்த உரிமையில் எழுதுகிறேன். வேலையைப் பற்றியும் வரியைப் பற்றியும் நீங்கள் கேட்கும் கேள்விகளை விடாமல் கேளுங்கள். ஆனால் தில்லிக் கிராமங்கள் இழந்தவற்றில் பெரியது வேறொன்று. அதை இழந்தது அவர்களுக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும்.

தில்லி என்றதும் செங்கோட்டை, நாடாளுமன்றம், பனிமூட்டம் என்று நினைவுக்கு வரும். ஆனால் இந்த யூனியன் பிரதேசம் கிராமங்களால் ஆனது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1991-இல் 199 ஊரகக் கிராமங்கள். 2001-இல் 165. 2011-இல் 112. அந்த 2011 கணக்கில் 1,483 சதுர கிலோமீட்டர் தில்லியில் ஊரகப் பகுதி 369 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர், மொத்த மக்களில் இரண்டரை சதவீதம். கணக்கிலிருந்து விழுந்த ஊர்கள் எங்கும் போய்விடவில்லை. முனிர்கா, ஹவுஸ் காஸ், சத்தர்பூர், கிட்டோர்னி, நாங்லோய், முண்ட்கா என்று அவற்றின் பெயர்களை மெட்ரோ நிலையங்களில் இன்றும் படிக்கலாம். வீடுகள் இருக்கின்றன, மனிதர்களும் இருக்கிறார்கள். ஊர் என்று ஒன்றாக நின்று பேச அவர்களுக்கு இருந்த இடம் மட்டும் இல்லை.

தமிழ்நாடு இல்லத்துக்கு வந்துபோனவர்கள் பக்கத்தில் மால்ச்சா மார்க் என்ற சாலைப் பெயரைப் பார்த்திருக்கலாம். மால்ச்சா ஒரு கிராமம். 1911 டிசம்பர் 12 அன்று, தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுகிறது என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்த பிறகு, ரைசீனா, மால்ச்சா உள்ளிட்ட கிராமங்களின் நிலம் 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டது. மால்ச்சாக்காரர்கள் இன்றைய அரியானாவில் சோனிபத்துக்கு அருகிலுள்ள ஹர்சானா கலான் என்ற ஊருக்குப் போய்க் குடியேறினார்கள். அந்த ஊரில் ஒரு பகுதி இன்றும் மால்ச்சா பட்டி என்றே அழைக்கப்படுகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று அவர்களின் வாரிசுகள் இந்த நூற்றாண்டிலும் நீதிமன்றப் படியேறினார்கள். ரைசீனாவின் குன்றில் குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கிறது.

அது வெள்ளைக்காரன் செய்தது என்று விட்டுவிடலாம். சுதந்திர இந்தியா செய்தது அதைவிடப் பெரிது. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் பிறந்தது. 1959 நவம்பரில் ஒரே அறிவிக்கையில் 34,000 ஏக்கருக்கு மேல் நிலமெடுப்பு வளையத்துக்குள் வந்தது. 1962-இல் முதல் பெருந்திட்டம். இன்று தென் தில்லி என்று பெருமையாகச் சொல்லப்படும் இடமெல்லாம் அப்போது கோதுமையும் கடுகும் விளைந்த வயல். முனிர்காவின் நிலத்தில் அரசு ஊழியர் குடியிருப்பும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் வந்தன. ஷாப்பூர் ஜாட் என்ற ஊரின் நிலத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்கான வீரர் குடியிருப்பு எழுந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள், நம் பிள்ளைகளும் படித்தார்கள். அதனால் நிலமெடுத்ததே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். எடுத்த முறையும், எடுத்த பிறகு ஊரை விட்ட விதமும்தான் எனக்கு ஆறவில்லை.

வயலை எடுத்தார்கள், வீடுகள் நின்ற இடத்தை விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுமனைப் பகுதிக்கு இங்கே லால் டோரா என்று பெயர். 1908 வாக்கில் நடந்த நிலவரித் திட்டத்தில் வரைபடத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டு, இதற்குள் குடியிருப்பு, இதற்கு வெளியே சாகுபடி நிலம் என்று பிரித்தார்கள். உள்ளே நிலவரி இல்லை. வரி இல்லாததால் யார் வீடு எத்தனை சதுர கஜம் என்ற பதிவும் இல்லை. நம்மூர் நத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது உடனே விளங்கும். நத்தத்தில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்வோம். தாத்தா வீடு, அப்பா வீடு என்று ஊருக்கே தெரியும், காகிதம் மட்டும் இருக்காது. தமிழ்நாட்டில் பின்னாளில் நத்தம் நிலவரித் திட்டம் வந்து பலருக்குப் பட்டா கிடைத்தது. தில்லியின் லால் டோராவில் பெரும்பாலான வீடுகளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 1963-இல் மாநகராட்சியின் கட்டட விதிகளிலிருந்தும் அந்தப் பகுதிக்கு விலக்கு கொடுத்தார்கள். கிராமத்தார் கொட்டகை போடுவதற்கும் சுவர் எழுப்புவதற்கும் அனுமதிக்கு அலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொடுத்ததாக இருக்கலாம். பலன் வேறாக வந்தது.

சுற்றியிருந்த வயல் போன பிறகு முனிர்காக்காரனுக்கு மிஞ்சியது அந்தக் கோட்டுக்குள் இருந்த வீடு மட்டும். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டார்கள். பிரித்த துண்டுகளில் நான்கு மாடி, ஐந்து மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். இரண்டு வீடுகளின் பால்கனிகளுக்கு நடுவே கை நீட்டினால் கை தொட்டுவிடும். பகலில் விளக்குப் போடாமல் அறைக்குள் படிக்க முடியாது. தீயணைப்பு வண்டி நுழையவே முடியாத சந்துகள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்த நம் பிள்ளைகள் பேர் சராயிலும் கட்வாரியா சராயிலும் ஜியா சராயிலும் அப்படிப்பட்ட அறைகளில்தான் தங்கினார்கள். வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் அதே அறைகள்தான். வாடகை குறைவு, அதனால் தில்லி அவர்களைத் தாங்கியது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்களுக்கும் கையில் காசு புரண்டது. ஆனால் உரிமைப் பத்திரம் இல்லாத வீட்டின்மேல் வங்கி கடன் கொடுப்பதில்லை. கட்டியதற்கு வரைபட அனுமதி இல்லை. எந்நேரமும் ஒரு நோட்டீஸ் வரலாம் என்ற பயம் போவதில்லை.

முனிர்காவில் ஒரு காலத்தில் எனக்கு வீடு கொடுத்த பெரியவர், மாலையில் சௌபால் என்ற ஊர்ப் பொதுத் திண்ணையில் ஹூக்காவைச் சுற்றி உட்கார்ந்து பழைய கிணறுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். இன்ன கிணற்று நீரில் பருப்பு நன்றாக வேகும், இன்ன கிணற்று நீர் உவர்ப்பு என்பார். அவருக்குப் பணக்குறை இல்லை. தன் ஊரில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

நிலம் வைத்திருந்தவரின் கதை இது. நிலமே இல்லாதவர்களின் கதையை அதிகம் பேர் எழுதவில்லை. தில்லிக் கிராமங்களில் ஜாட்டவ், வால்மீகி, குயவர், நாவிதர் என்று எத்தனையோ குடும்பங்கள் மற்றவர் வயலில் வேலை செய்தும், ஊர்ப் பொது நிலத்தில் ஆடு மாடு மேய்த்தும், ஊர்க்குளத்து மண்ணெடுத்தும் வாழ்ந்தன. நிலமெடுப்பில் இழப்பீடு பட்டாதாருக்குத்தான் கிடைத்தது. வயல் போனதும் இவர்களின் கூலி போனது, மேய்ச்சல் நிலம் போனதும் ஆடு போனது. அதற்கு எந்த அலுவலகமும் ஒரு ரூபாய் கணக்குப் போடவில்லை. உங்கள் ஊரில் காலனியிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்கள்தான் இணைப்பை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. மனையாக விற்கச் சொந்த நிலம் உள்ளவருக்கு நகரம் வருவதில் ஆதாயம் உண்டு. நிலமில்லாதவருக்கு ஊரின் பொதுச்சொத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அதைச் சொல்கிறேன்.

தில்லிக் கிராமங்களிலும் பஞ்சாயத்து இருந்தது. 1954-இல் தில்லி பஞ்சாயத்து ராஜ் சட்டமும் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டமும் வந்தன. ஊர்ப் பொது நிலம் காவ் சபா என்ற ஊர்ச் சபையின் பெயரில் இருந்தது. ஊர்க்குளமான ஜோஹட், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, ஊரைச் சுற்றிய பாதை எல்லாம் அதற்குள் வரும். பஞ்சாயத்துத் தேர்தல் கடைசியாக நடந்தது 1983-இல். 1990 வாக்கில் பஞ்சாயத்துகள் கலைக்கப்பட்டன. பிறகு தேர்தலே இல்லை. 1993-இல் நாடு முழுவதும் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து பஞ்சாயத்துகள் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றபோது, தலைநகரின் கிராமங்களில் பஞ்சாயத்தே இல்லை. காவ் சபாவின் நிலத்தை அதிகாரிகள் நிர்வகித்தார்கள். பின்னர் ஒவ்வொரு ஊராக, மாநகராட்சிச் சட்டத்தின் 507-ஆவது பிரிவின்கீழ் நகரப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்ததும் காவ் சபா நிலம் மத்திய அரசுக்குப் போய், அங்கிருந்து வளர்ச்சி ஆணையத்தின் கைக்குப் போனது. ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை, ஏனென்றால் கேட்பதற்குச் சபையே இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். நகரப் பகுதி என்று அறிவித்ததும் நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த ஊருக்குப் பொருந்தாமல் போகிறது. அதனால் மிஞ்சியிருந்த சாகுபடி நிலத்தில் அப்பா இறந்தால் பிள்ளைகள் பெயருக்கு மாற்றித் தரும் வருவாய்த் துறை வேலை ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது. 2024-இல்தான் மறுபடி மாற்றித் தருவதாக அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை குடும்பங்களில் எத்தனை வழக்குகள் முளைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வடமேற்குத் தில்லியில், அரியானா எல்லையை ஒட்டி ஜோந்தி என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஊர். முகலாயர் காலத்து வேட்டை மாளிகை ஒன்றின் சிதைவு அங்கே உண்டு, ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. 1964-இல் இந்தியாவுக்குச் சோறு போதவில்லை. கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து ரேஷன் கடை வாசலில் நாடு நின்றது. நார்மன் போர்லாக் 1963-இல் இந்தியா வந்து போன பிறகு, குட்டை ரகக் கோதுமை தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துசேர்ந்தது. பழைய ரகம் உயரமாக வளரும், உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. இதை ஆராய்ச்சி நிலையத்து வயலில் காட்டினால் விவசாயி நம்பமாட்டான், சிறு விவசாயியின் நிலத்திலேயே விளைவித்துக் காட்ட வேண்டும் என்று கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் பிடிவாதமாக நின்றார். பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு அமைச்சர். அவர் தம் அரசு பங்களாவின் புல்தரையிலேயே கோதுமை விதைத்தவர்.

விதையைப் பெருக்கத் தேர்ந்தெடுத்த ஊர்தான் ஜோந்தி. அதை விதைக் கிராமம் ஆக்கினார்கள். சோனோரா 64, லெர்மா ரோஹோ போன்ற மெக்சிகோ ரகங்கள் தில்லி வயல்களில் விளைந்த காலம் அது. ஜோந்தி விவசாயிகள் சேர்ந்து ஜவாஹர் ஜோந்தி விதைக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சந்தைக்குத் தானியம் அனுப்பிய ஊர், மற்ற ஊர்களுக்கு விதை அனுப்பும் ஊராக மாறியது. 1966-இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து இறக்குமதியானது. 1964-65-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கோதுமை விளைச்சல் 1968-இல் 1 கோடியே 65 லட்சம் டன்னைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று அஞ்சல்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. இரண்டு தமிழர்களின் பெயர் இதில் பெரிதாகப் பேசப்படுகிறது, பேசப்படவும் வேண்டும். ஆனால் தெரியாத விதையை நம்பித் தன் வயலில் இறக்கியவர் ஒரு சிறிய ஊரின் விவசாயி. விளையாமல் போயிருந்தால் அந்த ஆண்டு அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

நாட்டின் பசியைத் தீர்க்க முன்னே வந்த அந்த ஊருக்கு, தன் குளத்தைத் தூர் வாரலாமா, தன் பொது நிலத்தில் பள்ளி கட்டலாமா, தன்னை நகரத்தோடு சேர்க்கலாமா என்று தானே கூடி முடிவெடுக்கும் உரிமை 35 ஆண்டுகளாக இல்லை. தில்லியின் எல்லாக் கிராமங்களுக்கும் இதே நிலைதான். இது அநீதி என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் இல்லை.

கவுன்சிலர் இருக்கிறாரே, எம்.எல்.ஏ. இருக்கிறாரே என்று கேட்பார்கள். தில்லி மாநகராட்சியில் 250 வார்டுகள். 2011 மக்கள்தொகையை வைத்தே வகுத்தாலும் ஒரு வார்டுக்குச் சராசரி 65,000 பேர். பல கிராமங்களும், அவற்றின் வயல்களில் முளைத்த அங்கீகாரமற்ற காலனிகளும் ஒரே வார்டில் கிடக்கும். அங்கே ஓர் ஊரின் குரல் யார் காதில் விழும்? தமிழ்நாட்டிலும் கணக்குப் போடுங்கள். சென்னை மாநகராட்சி 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்த 42-இல் 25 ஊராட்சிகள். இப்போது 200 வார்டுகள், ஒரு வார்டுக்குச் சராசரியாக 33,000 பேருக்கு மேல். மூவாயிரம் பேர் வாழும் ஊராட்சியில் தலைவரை டீக்கடையில் பிடித்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறீர்கள். கையெழுத்துக்கு அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறீர்கள். அந்த நெருக்கம் வார்டில் கிடைக்காது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. கடல் கடந்து, ஒரு காலத்தில் சோழர் கப்பல் போன இந்தோனேசியாவில் 75,000 அளவுக்குக் கிராமங்கள் உண்டு. 2014-இல் அங்கே கிராமங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு, 2015 முதல் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒவ்வொரு கிராமத்துக்கும் நிதி ஒதுக்கினார்கள். கிராமத் தலைவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே ஊர் நகர வட்டமாக மாற்றப்பட்டால் தேர்தல் இல்லை, அரசு நியமிக்கும் ஊழியர் ஒருவர் வந்து அமர்கிறார். கிராம நிதியும் நின்றுவிடுகிறது. ஜாவாவில் நெல் விதைக்கும் குடும்பத்துக்கும் திருச்சிக்குப் பக்கத்தில் நெல் விதைக்கும் குடும்பத்துக்கும் இந்த இடத்தில் ஒரே கவலைதான்.

நீங்கள் என்றென்றைக்கும் கிராமமாகவே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தின் அழகைப் பாடுவது எனக்குப் பிடிக்காது. பாதாளச் சாக்கடை வேண்டும், இரவு பத்து மணிக்கும் பேருந்து வேண்டும், பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்ப் பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டும். தில்லிக் கிராமத்துப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்டார்கள். பலர் அரசுப் பேருந்து ஓட்டுநராக, காவலராக, ஆசிரியராகப் போனார்கள். நஜஃப்கர் பக்கத்திலிருந்து வந்த வீரேந்தர் சேவாக்கை உலகம் அறியும். வயலில் இறங்க மாட்டேன் என்று உங்கள் மகன் சொன்னால் அவனைக் குறை சொல்லாதீர்கள். சேரத்தான் வேண்டும் என்றால் என்ன நிபந்தனையில் சேருகிறோம் என்பதை ஊர் பேச வேண்டும். பேசும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்போதே பேச வேண்டும்.

தில்லியில் 2018-இல் திருத்தி வெளியிட்ட நிலத் தொகுப்புக் கொள்கை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விவசாயிகள் நிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் 60 சதவீதம் அவர்களிடமே இருக்கும், 40 சதவீதத்தில் சாலை, பூங்கா முதலியவை வரும் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஒரு பிரிவில் 70 சதவீத நிலம் ஒரே தொடராகச் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும் என்பது விதி. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாத நிலம், பெயர் மாறாத பட்டா, நடுவில் வெளியூர்க்காரர் வாங்கிப்போட்ட துண்டு என்று எல்லாமாகச் சேர்ந்து, வீடுகள் எழும் என்று சொன்ன இடங்களில் வருடங்கள் ஓடின. ஊரைக் கூட்டி வைத்து, பகையாளிகளையும் ஒரே பாயில் உட்காரவைத்து, கணக்கு முடிக்கும் அமைப்பு ஒன்று இருந்திருந்தால் அந்த வேலை இவ்வளவு இழுத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சபையைக் கலைத்தது அரசுக்கும் நட்டம்தான்.

உங்களிடம் அந்தச் சபை இன்னும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கொடுத்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபை. அதன் தீர்மானம் என்ன செய்யும் என்று மேலூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்ற செய்தி வந்ததும் ஊர் ஊராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் சபை கூடும்போதெல்லாம் தீர்மானம் போட்டார்கள். அவர்கள் கேட்டது கிடைத்துவிடவில்லை. ஆனாலும் அந்த ஊர் இதற்கு ஒருபோதும் ஒப்பவில்லை என்பது ஏட்டில் இருக்கிறது. முனிர்காவுக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது.

மாநகராட்சியிலும் 2022 முதல் பகுதி சபை கூடுகிறதே என்று அதிகாரிகள் சொல்வார்கள். அது வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது உங்கள் ஊரின் சபையாக இருக்காது. உங்கள் மந்தைவெளியையும் ஊருணியையும் பற்றி அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் கேட்கிறேன். நகர எல்லைக் கோடு நகர்வதற்கு முன்னால் உங்கள் ஊரின் பொதுச்சொத்து முழுவதையும் எழுதி வையுங்கள். ஏரி, குளம், ஊருணி, களம், மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு, இடுகாடு, பாதை, கோயில் திடல், நூலகம், சமுதாயக் கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் சர்வே எண்ணும் பரப்பும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் புலப்படமும் உண்டு. நகல் வாங்குங்கள். பதிவேட்டில் குளம் என்றிருப்பது தரையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று போய் அளந்து பாருங்கள். தில்லியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளுக்குப் பதிவு உண்டு. அவற்றில் எத்தனையோ குளங்கள் கட்டடத்துக்கு அடியில் போய்விட்டன, கேட்க ஆளில்லாமல்.

நத்தத்தில் பட்டா இல்லாத வீடுகளுக்கு இப்போதே பட்டா கேளுங்கள். காலனி வீடுகளுக்கு முதலில் கேளுங்கள். ஒப்படைப் பட்டா கையில் இருந்தும் வருவாய்க் கணக்கில் ஏறாத மனைகள் எத்தனையோ ஊர்களில் உண்டு. நகரமான பிறகு அந்த மனையின் மதிப்பு பத்து மடங்காகும், அதை மறுக்க வருகிறவரின் பலமும் பத்து மடங்காகும். தாத்தா பெயரில் நிற்கும் நிலத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அத்தைக்கும் சின்னம்மாவுக்கும் சேர வேண்டிய பாகத்தைக் கொடுத்து மாற்றுங்கள், பின்னால் அதுவே வழக்காகும்.

சபையில் நிபந்தனைகளைத் தீர்மானமாகப் போடுங்கள். இணைப்புக்கு ஒப்பும் ஊரும் போடலாம், ஒப்பாத ஊரும் போடலாம். இந்தக் குளத்தையும் மேய்க்காலையும் வேறு பயனுக்கு மாற்றக் கூடாது, குடிநீரும் சாக்கடையும் வந்த பிறகே நகர வரி, வேலை அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு நகரத்தில் ஈடான வேலை, எங்கள் ஊர் எல்லைக்கென்று தனிப் பகுதி சபை. இவற்றை அரசு அப்படியே ஏற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் நின்றாலும், அமைச்சரின் முன் நின்றாலும், கையில் காட்ட ஒன்று இருக்கும்.

28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தில்லியிலும் பஞ்சாயத்தின் வேலையை அதிகாரிகள்தான் முதலில் கையில் எடுத்தார்கள். அதன் பிறகு தேர்தல் அறிவிப்பு வரவே இல்லை. தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் ஊருக்கு நட்டம் என்பதைக் கட்சி பாராமல் எல்லோரும் சொல்ல வேண்டும். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. தீர்மானம் போடுகிறவர்கள் அங்கே வந்து அமரும் வாக்காளர்கள்தான், அதிகாரி அல்ல.

அடுத்த சபைக்குப் போகும்போது பெண்களும் இளைஞர்களும் நிறையப் பேராகப் போங்கள். பொதுச்சொத்துப் பட்டியலை அன்றைய பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். தீர்மானத்தின் நகலை முத்திரையோடு வாங்கி, ஒரு படியை ஊர் நூலகத்திலும் ஒரு படியைப் பள்ளியிலும் வையுங்கள்.

அன்புடன்,
தில்லியில் வாழும் உங்கள் ஊர்க்காரன்